இதய நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி: எப்போது, எதை, எப்படிப் போட்டுக்கொள்வது

மாரடைப்பு வந்து, தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு வீடு திரும்புகிறவர் கையில் ஒரு நீண்ட மருந்துச் சீட்டு இருக்கும். ஆஸ்பிரின், அதனுடன் குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரிலார், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைப்பதற்கும் ஓரிரு மாத்திரைகள், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை என்று அது நிறைந்திருக்கும். உப்பைக் குறையுங்கள், புகையை விடுங்கள், தினமும் நடங்கள் என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்புவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற வரி மட்டும் நம் ஊர்ச் சீட்டுகளில் அரிதாகவே தென்படுகிறது. அமெரிக்க இதய நோய் அமைப்புகள் 2006-லேயே, இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தடுப்பூசியை உறுதியான பரிந்துரையாகச் சேர்த்துவிட்டன. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன.

ஆகவே, போட்டுக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கு விடை எளிது. மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இதய நோய் உள்ள அனைவரும் ஒவ்வோர் ஆண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த மாதத்தில் போட்டுக்கொள்வது, கடையில் எதைப் பார்த்து வாங்குவது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் ஊசி போடும் அறையில் என்ன சொல்ல வேண்டும், ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பவைதான் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சளிக்காய்ச்சலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு

ஃப்ளூ என்று இங்கே சொல்வது இன்ஃப்ளுயன்சா வைரஸால் வரும் காய்ச்சலை. மழையில் நனைந்தால் வரும் சாதாரணத் தடுமனை நாம் ஃப்ளூ என்று சொல்லிவிடுகிறோம். அதுவும் இதுவும் வேறு. இன்ஃப்ளுயன்சா திடீரென்று, சில மணி நேரத்துக்குள் ஆளை வீழ்த்தும்: கடும் காய்ச்சல், உடல் முழுவதும் அடித்துப்போட்டது போன்ற வலி, வறட்டு இருமல், எழுந்து உட்காரக்கூட முடியாத சோர்வு. 2009-ல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரில் நாடு முழுவதையும் அச்சுறுத்திய எச்1என்1 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது எங்கும் போய்விடவில்லை; இன்று ஆண்டுதோறும் வந்து போகும் ஃப்ளூ வகைகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது.

இந்த வைரஸ் தாக்குவது மூச்சுக்குழாயையும் நுரையீரலையும்தான் என்றாலும், அதை எதிர்க்க உடல் எழுப்பும் அழற்சி ரத்த ஓட்டம் முழுவதிலும் பரவுகிறது. தமனிச் சுவரில் ஆண்டுக்கணக்காக அமைதியாகக் கிடந்த கொழுப்புப் படிவு அந்த அழற்சியில் வெடிப்பு விடலாம். அதே நேரத்தில் ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருப்பதால், வெடித்த இடத்தில் ரத்தக்கட்டி சேர்ந்து தமனி அடைபடலாம். காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நுரையீரல் பாதிக்கப்பட்டிருப்பதால் கிடைக்கும் ஆக்சிஜனோ குறைகிறது. நல்ல இதயம் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே பம்பு செய்யும் திறன் குறைந்துபோன இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இது வெறும் ஊகம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களின் பதிவுகளை மாரடைப்புச் சேர்க்கைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஃப்ளூ உறுதியானதற்கு முந்தைய ஓராண்டிலும் பிந்தைய ஓராண்டிலுமாக மொத்தம் 364 மாரடைப்புச் சேர்க்கைகள் இருந்தன. அவற்றில் ஃப்ளூ உறுதியான பிறகு வந்த முதல் 7 நாட்களில் மட்டும் 20. மற்ற காலங்களில் வாரத்துக்கு சராசரி 3.3. அதாவது, ஃப்ளூ வந்த அந்த ஒரு வாரத்தில் மாரடைப்பின் அபாயம் ஏறத்தாழ 6 மடங்கு.

தடுப்பூசி உண்மையில் பயன் தருகிறதா

தருகிறது. ஆனால் எவ்வளவு, எதில் என்பதை மிகைப்படுத்தாமல் பார்ப்பது நல்லது. சுவீடனைத் தலைமையிடமாகக் கொண்டு, வங்கதேசம் உட்பட 8 நாடுகளில் நடந்த ஐ.ஏ.எம்.ஐ. என்னும் ஆய்வு 2021-ல் வெளியானது. பெரும்பாலும் அப்போதுதான் மாரடைப்பு வந்து சேர்க்கப்பட்டிருந்த நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஃப்ளூ தடுப்பூசியும், மறு பாதியினருக்கு வெறும் உப்பு நீர் ஊசியும், யாருக்கு எது என்று தெரியாத வகையில், அனுமதிக்கப்பட்டோ, அடைபட்ட தமனியைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தோ 72 மணி நேரத்துக்குள் போடப்பட்டன. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, உப்பு நீர் பெற்றவர்களில் 4.9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். தடுப்பூசி பெற்றவர்களில் 2.9 விழுக்காட்டினர். ஓர் ஊசியால் இவ்வளவு வேறுபாடு என்பது இதய மருத்துவத்தில் அடிக்கடி காணக்கூடியது இல்லை. அதே ஆய்வில், மறுபடி மாரடைப்பு வருவது மட்டும் தனியாகக் கணக்கிடப்பட்டபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும், கோவிட் காரணமாகத் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பம்பு செய்யும் திறன் குறைந்த நிலை, உள்ள 5,129 பேரிடம், இந்தியா உட்பட ஆசியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கைச் சேர்ந்த 10 நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வு 2022-ல் வெளிவந்தது. இதய நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் அது வெற்றி பெறவில்லை: 16.0 விழுக்காடு 14.8 ஆனது, அவ்வளவுதான். அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நிமோனியா 4.0 விழுக்காட்டிலிருந்து 2.4 ஆகக் குறைந்தது, மருத்துவமனைச் சேர்க்கைகளும் குறைந்தன. ஃப்ளூ உச்சத்தில் இருந்த மாதங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது இதய நோயால் ஏற்பட்ட இறப்புகளும் குறைந்திருந்தன. இந்தக் கடைசி விவரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. இது ஃப்ளூ பரவும் காலத்தில் வேலை செய்யும் கவசம். அந்தக் காலத்துக்கு முன்பே போட்டிருந்தால்தான் பயன். நம் ஊரில் இந்த இடத்தில்தான் தவறு நேர்கிறது.

எந்த மாதத்தில் போட்டுக்கொள்வது

இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதப்பட்டவை. அங்கே ஃப்ளூ குளிர்காலத்து நோய். டிசம்பரில் ஏறி பிப்ரவரி வாக்கில் உச்சம் தொடும். அதனால் அக்டோபரில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஃப்ளூ குளிரைப் பார்த்து வருவதில்லை, மழையைப் பார்த்து வருகிறது. இந்தியாவின் கண்காணிப்பு மையங்கள் பல ஆண்டுகள் சேர்த்த தரவுகளின்படி, டெல்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ உச்சம் பெறுகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில்.

ஊசி போட்ட உடனே பாதுகாப்பு கிடைத்துவிடாது. எதிர்ப்பொருள்கள் போதிய அளவு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். உருவான எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் செல்லச் செல்லத் தேயும். முதியவர்களிடம் ஆறு மாதத்துக்குப் பின் கணிசமாகக் குறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், தமிழ்நாட்டில் வாழும் இதய நோயாளிக்கு உகந்த காலம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய. தமிழ் மாதத்தில் நினைவு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆவணி என்று வைத்துக்கொள்ளலாம். விநாயகர் சதுர்த்தி பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். வீட்டில் கொழுக்கட்டை செய்யும் வாரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிடுவது ஒரு நல்ல பழக்கம். தீபாவளி முடிந்து, ஊரெல்லாம் இருமத் தொடங்கிய பிறகு போடுவதைவிட இது எவ்வளவோ மேல். தவறவிட்டுவிட்டால் விட்டுவிட வேண்டாம். நவம்பரில் போட்டாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நாட்டின் பல பகுதிகளில் வரும் இரண்டாவது அலைக்கு அது உதவும்.

மும்பையிலோ டெல்லியிலோ பெங்களூரிலோ பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோர், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், ஏப்ரல் மே மாதங்களில் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் வசிப்போருக்கு நாட்பட்ட இதய நோய் இருந்தால் அரசின் தேசியச் சுகாதாரச் சேவையில் இலவசமாகவே போடுவார்கள். அவர்கள் அந்த நாட்டு நாட்காட்டியைப் பின்பற்றினால் போதும்.

மாரடைப்பு வந்து இப்போதுதான் மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்றால் மாதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஃப்ளூ காலம் நெருங்கியிருந்தாலோ நடந்துகொண்டிருந்தாலோ, வீடு திரும்பும் முன்பே போட முடியுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன ஆய்வில் 72 மணி நேரத்துக்குள் போடப்பட்டது என்பதால், உடம்பு தேறட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட மருத்துவக் காரணம் பொதுவாக இல்லை. பைபாஸ் அல்லது வால்வு அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் அறுவைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்வது வசதி. ஊசியால் வரும் சிறு காய்ச்சலை அறுவைக்கு முந்தைய நாளில் யாரும் விரும்பமாட்டார்கள், கிருமித் தொற்றோ என்று சந்தேகப்பட்டு அறுவை தள்ளிப்போகவும் கூடும்.

எந்தத் தடுப்பூசி, பெட்டியில் எதைப் பார்ப்பது

முதல் விதி: ஊசியாகப் போடப்படும் செயலிழந்த வைரஸ் தடுப்பூசியைத்தான் இதய நோயாளிகள் எடுத்துக்கொள்ள வேண்டும். மூக்கில் தெளிக்கும் வகையில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. நாட்பட்ட இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஏற்றதில்லை. இதயம் மாற்றிப் பொருத்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அது கூடவே கூடாது.

ஃப்ளூ வைரஸ் தன் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. போன ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு ஆகாது என்பதற்கு இதுவே பாதிக் காரணம். எதிர்ப்புச் சக்தி தேய்வது மீதிப் பாதி. பெட்டியில் பெரும்பாலும் இந்தப் பருவத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதியிருந்தால் வட அரைக்கோளத்துக்கானது. ஒரே ஆண்டு மட்டும் இருந்தால் தென் அரைக்கோளத்துக்கானது. இந்தியாவில் இரண்டும் விற்பனைக்கு வருகின்றன. ஆவணியில் கடைக்குப் போகும்போது இருப்பதில் புதியதைக் கேளுங்கள். புதிய சரக்கு வரவில்லை என்றால், காலாவதி ஆகாத, அதே ஆண்டின் மற்றதைப் போட்டுக்கொள்ளலாம். சரியான பெட்டிக்காகக் காத்திருந்து அக்டோபர் மழையில் மாட்டிக்கொள்வதில் பொருளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரான ஊசியையே கேட்டு வாங்குங்கள் என்று சொல்லி வந்தார்கள். இப்போது மூன்று வகைதான் இருக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னால் அது தரக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கோவிட் ஊரடங்கோடு அது மறைந்துவிட்டதாகவே தோன்றுகிறது. இல்லாத வைரஸுக்கு ஊசி தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அதிக வீரியமுள்ள ஊசி பற்றிச் சொல்லியிருக்கலாம். இதய நோய் அதிகம் உள்ள 5,260 பேரிடம் அதையும் வழக்கமான அளவையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானபோது, இறப்பிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வேறுபாடு தெரியவில்லை. வழக்கமான ஊசியே போதும்.

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஆகவே கடையில் வாங்கி, பையில் போட்டு, வெயிலில் பேருந்தில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஊசியும் போடுபவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனையையோ கிளினிக்கையோ தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் பனிக்கட்டிப் பையோடு கூடிய சிறு பெட்டியில், பனிக்கட்டி நேரடியாக ஊசி மீது படாமல், வாங்கிய உடனே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். இந்தியாவின் இலவசத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ இல்லை என்பதால், பெரும்பாலோர் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். விலை கூடியது கூடுதல் பாதுகாப்புத் தரும் என்று பொருளில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள்

தயங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறார்கள். செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் எடுப்பவர்கள், துடிப்புச் சீரின்மைக்காக அபிக்ஸபன், ரிவராக்ஸபன், டபிகட்ரன் எடுப்பவர்கள், ஸ்டென்ட் வைத்து இரட்டை மாத்திரை எடுப்பவர்கள், தசையில் ஊசி போட்டால் ரத்தம் கட்டிவிடும் என்று அஞ்சுகிறார்கள். சில ஊசி அறைகளிலும் அதே அச்சத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இவர்கள் அனைவரும் மாத்திரையை நிறுத்தாமலே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம். ஊசிக்காக மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவரும் செயற்கை வால்வு உள்ளவரும் அப்படி நிறுத்தினால் வரும் ஆபத்து, கையில் வரும் சிறு கன்றலைவிடப் பல மடங்கு பெரியது.

செய்ய வேண்டியவை சில உண்டு. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் எடுப்பவர்கள் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உரிய காலத்தில் செய்திருக்க வேண்டும். கடைசி அளவு மருத்துவர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லையை மீறியிருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு ஊசிக்குப் போகலாம். ஊசி அறைக்குள் நுழைந்ததும், உட்காரும் முன்பே, இன்ன மாத்திரை எடுக்கிறேன் என்று செவிலியரிடம் சொல்லுங்கள். 23 அல்லது 25 என்ற எண்ணுள்ள மெல்லிய ஊசியைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். போட்ட பின் பஞ்சை வைத்து, தேய்க்காமல், குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் வீடுகளில் ஊசி போட்ட இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிடுவது ஒரு பழக்கம். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆகாது. அன்று மாலை கையில் சிறிய நீல நிறக் கன்றல் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. வீக்கம் மளமளவென்று பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

எந்தக் கை என்பதும் ஒரு கேள்விதான். அண்மையில் இடது மார்பில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் வலக்கையில் போடச் சொல்லுங்கள். ஆஞ்சியோகிராம் மணிக்கட்டு வழியாகச் செய்து அந்தக் கை இன்னும் வலித்தால் மறு கையைக் கொடுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாயை இணைத்திருப்பவர்கள் அந்தக் கையை எந்த ஊசிக்கும் நீட்டக் கூடாது.

வால்வு நோயாளிகளுக்கு இன்னொரு குறிப்பு. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்து, 21 நாட்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டு வரும் இளம் வயதினர் நம் மாநிலத்தில் நிறைய இருக்கிறார்கள். மாதாமாதம் ஊசி போடுகிறோமே, இது எதற்கு என்று அவர்கள் கேட்பது இயல்பு. பென்சிலின் தடுப்பது தொண்டையில் வரும் ஒரு பாக்டீரியாவை; வைரஸை அது தொடாது. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

ஊசிக்குப் பின்

15 நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். கை வலி, லேசான காய்ச்சல், உடல் வலி ஆகியவை வரலாம். ஓரிரு நாளில் போய்விடும். ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செயலிழந்த வைரஸின் துணுக்குகள் மட்டுமே அதில் இருப்பதால் அது நோயை உண்டாக்க இயலாது. ஊசி போட்ட முதல் இரு வாரங்களில் வேறு சளிக்கிருமியோ உண்மையான ஃப்ளூவோ வந்து ஒட்டிக்கொள்வதுண்டு, பழி ஊசி மேல் விழும். காலம் தாழ்ந்து, ஊரில் நோய் பரவிய பிறகு போடுகிறவர்களிடம் இந்தக் குற்றச்சாட்டு அதிகம் கேட்பதில் வியப்பில்லை.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இதய நோயாளிகள் ஊசிக்குப் பின்னும் சரி, ஃப்ளூ வந்தபோதும் சரி, தொடக்கூடாது. அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். இப்யூபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் வகைப் பாரசிட்டமாலில் சோடியம் கணிசமாக இருக்கிறது. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அதைக் குடிப்பது வீண். மருந்துக் கடையில் சளிக்கு என்று கேட்டால் தரும் கலவை மாத்திரைகளில் பலவற்றில் மூக்கடைப்பு நீக்க ஃபினைலெஃப்ரின் சேர்ந்திருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. கடைக்காரர் தரும் கலவையை வாங்காமல் வெறும் பாரசிட்டமாலைப் பெயர் சொல்லிக் கேட்பது இதய நோயாளிக்கு நல்லது.

யார் நிறுத்தி யோசிக்க வேண்டும்

முன்பு ஃப்ளூ ஊசி போட்டபோது மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் போன்ற கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மறுபடி போடக்கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரங்களுக்குள் கில்லன் பார்ரே என்னும், நரம்புகள் தாக்கப்பட்டுக் கைகால்கள் வலுவிழக்கும் நோய் வந்தவர்கள் மருத்துவரோடு பேசாமல் போட வேண்டாம். கடும் காய்ச்சலோடு படுத்திருப்பவர்கள் தேறிய பின் போடலாம். லேசான சளி ஒரு தடையில்லை. முட்டை ஒவ்வாமை ஒரு காலத்தில் பெரிய எச்சரிக்கையாக இருந்தது. இப்போது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதற்கெனத் தனி முன்னெச்சரிக்கை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆயினும் முட்டை சாப்பிட்டு மூச்சடைத்த வரலாறு இருந்தால், அவசரச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் போட்டுக்கொள்வதே என் விருப்பம்.

பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதம் நிரம்பியதும் போடலாம். முதல் முறையாகப் போடும் குழந்தை ஒன்பது வயதுக்கு உட்பட்டதாக இருந்தால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஆகவே ஆவணிக்காகக் காத்திருக்காமல் ஆடியிலேயே தொடங்குங்கள். சிறு குழந்தைகளின் ரத்தக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் கவாசாக்கி நோய்க்காக நீண்ட காலம் ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்கு ஃப்ளூ வந்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்குறி வரும் அபாயம் உண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு ஊசி கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் வழி. இதய நோயுள்ள கருவுற்ற பெண்களும் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்தால்

வைரஸும் ஊசியும் நன்கு பொருந்தும் ஆண்டில்கூட ஃப்ளூ ஊசி மருத்துவரிடம் போகும் அளவுக்கான நோயை 40 முதல் 60 விழுக்காடு வரைதான் குறைக்கிறது. மிச்சத்துக்கு விழிப்புதான் துணை. மழைக்காலத்தில் திடீர்க் காய்ச்சலும் உடல் வலியும் வந்தால், கசாயம் குடித்து மூன்று நாள் பார்க்கலாம் என்று இதய நோயாளி காத்திருக்கக் கூடாது. ஓசல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன் தரும். அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள்.

காய்ச்சல் நாட்களில் இதய மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் சாப்பாடே இறங்காமல் வாந்தியோ பேதியோ இருந்தால், நீர் பிரியும் மாத்திரையையும் சர்க்கரை நோய்க்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவற்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே தொலைபேசியில் கேளுங்கள். அசிட்ரோம் எடுப்பவருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கினால் சில நாட்களில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், அது சட்டென்று ஏறிவிடக்கூடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள்; மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் தேங்குகிறது என்று பொருள். நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுதல், உதடு நீலம் பாய்தல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலின் சோர்வு என்று எண்ணி மாரடைப்பை வீட்டிலேயே கடத்திவிடும் ஆபத்து, மேலே சொன்ன அந்த முதல் ஏழு நாட்களில்தான் மிகுதி.

வீட்டில் உடனிருப்பவர்களும் ஊசி போட்டுக்கொண்டால் வைரஸ் உள்ளே வரும் வழி குறையும். நிமோகாக்கல் தடுப்பூசி இன்னும் போடாதவர்கள் அதே நாளில் மறு கையில் அதையும் போட்டுக்கொள்ளலாம். அது ஆண்டுதோறும் தேவைப்படுவதில்லை. ஊசி போட்ட தேதி, நிறுவனத்தின் பெயர், பெட்டியில் உள்ள தொகுதி எண், எந்தக் கை என்பவற்றை எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகள் இருக்கும் கோப்பின் முன்னட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது அந்த வரியைக் காட்டி, மருந்துச் சீட்டிலும் ஏற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டியலில் ஏறிவிட்டால் அடுத்த ஆவணியில் யாராவது ஒருவர் கண்ணில் அது படும்.